படி தாண்டும் மெட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில், சபை மூப்பரும் பாட்டுத் தலைவருமான பிலிமோனே எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, உடைமேல் சுற்றியிருந்த இடுப்புப் பாயை ஏற்றிக் கட்டிக்கொண்டு, உயிரோடு உட்கார்ந்திருந்த சபை மொத்தத்துக்கும் சேர்த்துச் சாவு மெட்டை எடுத்துவிட்டார்.

வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்வதாக இருந்தால் அவரிடம் இதைவிட நல்ல யோசனைகள் இருந்தன.

நூக்குலெய் தீவுக் கோயிலில் ஆர்கன் கிடையாது. இருந்த ஒன்றை உப்புக்காற்று தின்றுவிட்டது. அதன் பெட்டிக்குள் இப்போது கோழி அடைகாக்கிறது. போதகர் பாட்டின் வரிகளை வாசிப்பார். அதை எந்த மெட்டில் ஏற்றுவது என்பது பாட்டு எடுப்பவர் பாடு. முதல் அடியை அவர் தனியாக எடுப்பார். இரண்டாம் அடியில் சபை நான்கு குரலாகப் பிரிந்து வந்து சேரும். சேர்ந்தபின் நிறுத்துகிற பேச்சே இல்லை. அந்தக் கோயிலில் பிரசங்கத்தை நிறுத்தியிருக்கிறார்கள், கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறார்கள், ஒரு தடவை புயலுக்குப் பயந்து நற்கருணையைக்கூடப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். எடுத்த பாட்டு மட்டும் கடைசிச் சரணம் வரைக்கும் போயே தீரும்.

போதகர் ஈனோகே வாசித்தது பயணப் பாட்டு. மறுநாள் விடிகாலையில் பெரிய தீவுக்குப் படகு. பிலிமோனேயின் ஒரே மகள் ஃபூசி, பிள்ளைப்பேற்றுக்காக அதில் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். துணைக்கு அம்மா லாவினியா. ஃபூசியின் புருஷன் ஆஸ்திரேலியாவில் யாருடைய தோட்டத்திலோ தக்காளி பறித்துக்கொண்டிருந்தான். போகிறவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்குத்தான் அந்தப் பாட்டு. பிலிமோனே அதை ஏற்றியதோ படி தாண்டும் மெட்டில். சவப்பெட்டியைத் தூக்கி வீட்டு வாசற்படியைக் கடத்துகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் உரியது அது. படியைத் தாண்டியதும் வாயை விட்டு இறங்கிவிட வேண்டும். குளிக்கும்போது கண்டதையும் பாடுகிற ஆட்கள்கூட அதைத் தொடமாட்டார்கள்.

குற்றம் முழுக்க அவருடையது என்றும் சொல்வதற்கில்லை. பாதி, செத்துப்போன சோவாகாயைச் சேரும். பிலிமோனேயின் அக்கா அனாசெய்னியின் புருஷன் அவர். படகோட்டி, உடம்பும் ஏறக்குறைய ஒரு படகுதான். வியாழக்கிழமை அவர் பெட்டி வாசலில் சிக்கிக்கொண்டது. பெட்டி வெளியே வருகிற வரைக்கும் மெட்டு அறக்கூடாது. நிலையைப் பெயர்க்க ஆள் ஓடி, உளி தேடி, உளி கிடைக்காமல் கோடரி வந்து, கோடரிக்குக் காம்பு கழன்று, இத்தனையும் நடந்து முடிகிறவரை பிலிமோனே திரும்பத் திரும்ப அதையே எடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தொண்டையில் ஏறி உட்கார்ந்த மெட்டு, ஞாயிற்றுக்கிழமை வாய் திறந்ததும் வெளியே வந்துவிட்டது.

முதல் அடி முடிந்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. விசிறிகள் நின்றன. இரண்டாம் அடிக்கு யாரும் வரவில்லை. வியர்வை முதுகில் இறங்குவதை அவர் உணர்ந்துகொண்டிருந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் வந்தது. ஃபூசி. கண்ணை மூடி, ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, குரலை முழுசாகத் திறந்து அவள் வந்து சேர்ந்தாள். அவள் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள்.

அப்பன் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்று பிலிமோனே நினைத்துக்கொண்டார். அவள் முகம் நனைந்திருந்தது. ஜனவரி மாதம், அங்கே நனையாத முகம் என்று எதுவும் இல்லை.

ஆராதனை முடிந்து குழியடுப்பைத் திறக்கிற இடத்தில் மானாசே காத்திருந்தான். மருமகனுக்குச் சித்தப்பா, கொயரில் அடிக்குரல்.

"சம்பந்தி, இன்னைக்கு யாரப் பொதைச்சோம்?"

"உன் குரலைத்தான். ரொம்ப நாளா பொதைக்காம நாறிக்கிட்டுக் கெடந்துச்சு."

மானாசே வாய்விட்டுச் சிரித்தான். பிறகு பந்தியில் வந்து உட்கார்ந்த ஃபூசியின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பைப் பாதியில் விழுங்கிவிட்டு அடுப்புக் கல்லைக் கிளறப் போனான்.

சேம்பிலையில் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் வைத்துக் கட்டிச் சுட்டது ஃபூசிக்கு உயிர். அன்றைக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அதன் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிலிமோனேயால் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சும்மா இருப்பது அவருக்கு எப்போதும் வந்ததில்லை.

"உள்ள இருக்கறவன் என்ன சொல்றான்? தாத்தாவுக்கு மெட்டு தப்பிப்போச்சுன்னு உதைக்கிறானா?"

ஃபூசி சிரித்தாள். "இல்லப்பா. அமைதியாத்தான் இருக்கு."

"அப்ப என்னை மாதிரி இல்ல. நல்லா வருவான்."

அதற்கும் சிரித்தாள். லாவினியா, மூட வேண்டிய எதுவும் இல்லாத குழியடுப்பை மூட எழுந்து போனாள்.

திங்கட்கிழமை விடிகிறபோது தென்கிழக்கு வானம் காயம்பட்ட இடம்போலக் கறுத்திருந்தது. படகுத்துறையில் ஃபூசி அப்பாவின் கன்னத்தில் கன்னம் வைத்து மூச்சை இழுத்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம்.

"நேத்து நல்லா எடுத்தீங்கப்பா."

"இன்னும் கேலி முடியலையா உனக்கு?"

"கேலி இல்லப்பா."

லாவினியா பாய்மூட்டையோடு படகில் ஏறி உட்கார்ந்திருந்தாள். புருஷனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "மீன் பொட்டலம் கூடையில இருக்கு, பூனை வரும்" என்றாள். படகு பாறைத்தடுப்பைத் தாண்டியதும் மழை வந்து அதை மறைத்தது. துடைத்துவிட்டதுபோல மறைத்தது.

அன்று மத்தியானத்தோடு செல்போன் கோபுரம் செத்தது. காற்றடித்தால் அது சாவது வழக்கம். பிலிமோனே முனைக்குப் போய்த் தென்னையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். பார்க்கிறதற்கு ஒன்றும் இல்லை என்பதால் பார்த்துக்கொண்டே இருந்தார். அலை ஒரு நீலப் பீப்பாய் மூடியைக் கொண்டுவந்து போட்டது. படகில் இருந்த பீப்பாயும் நீலம். தீவில் இருக்கிற எல்லாப் பீப்பாயும் நீலம். அதைத் தனக்குத்தானே நாலைந்து முறை சொல்லிக்கொண்டு, மூடியை மணலுக்குள் புதைத்துவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தால், வாசலில் வெந்த பெருவள்ளிக்கிழங்கு வாழையிலை மூடி இருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. பெண்சாதி ஊருக்குப் போன ஆம்பளைக்கு யாரோ இரக்கப்பட்டிருக்கிறார்கள் என்று சாப்பிட்டார். மறுநாள் காலை சீமைப்பலா வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு முழுக் கோழி. இரக்கத்துக்குக் கோழி அடிக்கிற தீவு இல்லை அது. கேட்காமல் சாப்பாடு வந்து சேருகிற வீடு எது என்று அவருக்குத் தெரியும். போன வாரம் முழுக்க அக்கா வீட்டுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கோழியை இலையால் மூடித் தள்ளிவைத்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை போதகர் வந்தார். கையில் குடை இருந்தும் நனைந்து வந்தார்.

"வாங்க போதகரே. படகைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?"

"மழைதான் விடமாட்டேங்குது" என்றார் போதகர்.

"அது எனக்கும் தெரியுது. படகு?"

போதகர் அண்ணாந்து பார்த்தார். "இந்த மூலையில தகரத்துல ஓட்டை விழுந்திருக்கு போல, மூப்பரே."

"அது நீங்க இந்தத் தீவுக்கு வர்றதுக்கு முன்னாலயே விழுந்தது. படகு போய்ச் சேந்துச்சா, இல்லையா?"

"கர்த்தர் கையில எல்லாம் பத்திரமா இருக்கு."

"கர்த்தர் கை இப்ப கரையில இருக்கா, கடல்ல இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

போதகர் டீயை ஊதினார். அது ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது.

"ஜெபம் பண்ணுவோம்."

பண்ணினார். ராஜாவுக்காக, பிரயாணிகளுக்காக, வள்ளிக்கொடிக்காக, துயரப்படுகிறவர்களுக்காக, சபையின் கூரைக்காக, மறுபடியும் துயரப்படுகிறவர்களுக்காக. ஆமென் சொல்லும்போது அவர் குரல் உடைந்திருந்தது. எழுந்தவர் பிலிமோனேயின் தோளில் கையை வைத்தார், எடுத்தார், மழைக்குள் நடந்துவிட்டார். குடை மூலையிலேயே கிடந்தது.

போதகர் மறந்துபோகிற ஆள் அல்ல. பிலிமோனே அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். படகு முழுகிவிட்டது. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்லத்தான் ஆள் இல்லை. அவர் எடுத்த மெட்டுக்குள் அவருடைய மகளும் பெண்சாதியும் போய்விட்டார்கள், அந்தக் கோழிக்கு அர்த்தம் அதுதான்.

புதன்கிழமை மானாசே மீன் கொண்டுவந்தான். அவன் இடுப்பில் ஓரம் கிழிந்து நார் தொங்குகிற பழம்பாய். அப்படியொரு பாயைச் சொந்தத்தில் சாவு விழுந்தால்தான் கட்டுவார்கள்.

"என்னடா இது, எலி கடிச்ச பாய்?"

"புதுசு நனைஞ்சிருச்சு சம்பந்தி."

"சோவாகாய்க்குக் கட்டியிருக்கியோ? அவருக்கு நீ ஒண்ணும் ஆகலையே."

"ஆகலதான்."

"அப்ப யாருக்குடா?"

மானாசே மீனைக் கீழே வைத்தான். ஊரில் அவரோடு ஈடுகொடுத்து வாயாடுகிற ஒரே ஆள் அவன். ஒரு பதில் கேலியாவது செய்வான் என்று பிலிமோனே காத்திருந்தார். கெஞ்சாத குறையாகக் காத்திருந்தார்.

"சூட்டோட சாப்பிடுங்க" என்றான் மானாசே. "ஆறுனா நாறும்."

அன்று சாயங்கால ஜெபத்துக்கு முன்பே பிலிமோனே கோயிலுக்குப் போனார். கதவருகில் மணிக்குப் பதிலாகத் தொங்குகிற காலி சிலிண்டரைத் தட்டுகிற நேரம் இன்னும் வரவில்லை. காலிப் பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று பயணப் பாட்டை அதன் சரியான மெட்டில் எடுத்துப் பார்த்தார். தப்பாகப் போட்ட முடிச்சை அவிழ்த்துப் போடலாம் என்று ஓர் எண்ணம். வாய் திறந்தது. வந்தது படி தாண்டும் மெட்டுதான். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்தார். மறுபடியும் அதுவே வந்தது. ஆர்கன் பெட்டிக்குள் கோழி கொக்கரித்தது. வேறு நாளாக இருந்தால் அதைக் கொயரில் சேர்த்திருப்பார்.

ஜெபத்தில் அவரை யாரும் பாட்டு எடுக்கச் சொல்லவில்லை. போதகரே எடுத்தார். அவர் குரல் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி. சபை ஒன்றும் நடக்காததுபோலப் பின்னால் வந்தது. வயசு முழுக்க அந்த இடத்தில் நின்றவர் பெஞ்சில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். அவமானமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். அவமானம் இல்லை, பயம்தான் இருந்தது. ஜெபம் முடிந்து வருகிறவர்கள் அவரைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தினார்கள்.

வெளியே நர்ஸ் லேசீலியை மறித்தார். தீவின் மருந்துக்கூடம் அவள் பொறுப்பு. பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாம் அவள் கையில்தான்.

"நர்ஸம்மா, நீயாவது சொல்லு. என் பாட்டாலதானே?"

"எந்தப் பாட்டு மூப்பரே?" என்றாள் அவள். நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டாள். பிறகு புரிந்துகொண்டு, தலையைக் குனிந்தாள். "அக்காவைப் போய்ப் பாத்தீங்களா?"

"ஏன்?"

"போய்ப் பாருங்க."

அக்காவைப் பார்ப்பதுதான் முடியாத காரியம். தீவில் ரேடியோப் பெட்டி இருக்கிற ஒரே வீடு அவளுடையது; சோவாகாய் அதில்தான் படகுகளோடு பேசுவார். சேதி வந்தால் அங்கேதான் வந்திருக்கும். திங்கட்கிழமையிலிருந்தே பிலிமோனேயின் கால் அந்தப் பக்கம் திரும்பியது, திரும்பிய வேகத்தில் நின்றது. தீவு வழக்கப்படி, மீசை முளைத்த நாளிலிருந்து அக்காவும் அவரும் ஒரு கூரைக்குக் கீழே படுத்ததில்லை. அவள் காது கேட்க அவர் ஒரு கேலி பேசியதில்லை. ஊரையே கேலிசெய்து பிழைக்கிற மனுஷனுக்கு, கேலி பேசக்கூடாத ஒரு முன்னிலை என்றால் அங்கே வெறுங்கையோடு நிற்கிற மாதிரி. அதற்குமேல் இன்னொன்று. அத்தையின் மனம் கோணினால் தம்பி மகளின் பிரசவம் சிக்கும் என்பது அங்கே நர்ஸுக்கும் தெரியும், போதகருக்கும் தெரியும். அக்கா தன் புருஷனுக்கு அழுது முடிக்குமுன்பே, அவரை வழியனுப்பின மெட்டை எடுத்துப் பயணப் பாட்டில் ஒட்டியவர் இவர்.

வியாழக்கிழமை மழை விட்டது. பிலிமோனே, மன்னிப்புக் கேட்டு முன்னால் வைப்பதற்கு, பெட்டியின் அடியிலிருந்து வீட்டின் நல்ல பாயை எடுத்துச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனார். அக்கா வீட்டு வாசலில் நிலை இன்னும் பெயர்ந்தபடியே கிடந்தது. கோடரிபட்ட மரம் வெள்ளையாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது. படிக்குக் கீழே மண்ணில் சம்மணம் போட்டு, பாயை முன்னால் விரித்து வைத்து, தலையைக் குனிந்துகொண்டார்.

அனாசெய்னி உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து முதுகு முழுக்க விழுந்திருந்தது. இடுப்பிலிருந்து மார்புவரை கிழிந்த பாய். ரேடியோப் பெட்டி அவள் பக்கத்தில் கரகரத்துக்கொண்டிருந்தது.

"அக்கா."

"வந்துட்டியா தம்பி. செவ்வாக்கிழமையே போதகர்கிட்டச் சொல்லி அனுப்புனேனே."

"அவர் கூரை ஒழுகுதுன்னு சொல்லிட்டுப் போனார்."

"மானாசேகிட்ட?"

"மீன் குடுத்தான்."

"லேசீலிகிட்டயும் சொன்னேன்."

"உங்களைப் பாக்கச் சொன்னா."

ரேடியோவில் குரல் கேட்டது. எங்கேயோ ஒரு படகு இன்னொரு படகைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை நான் அத்தானோட மெட்டை எடுத்துட்டேன். வாய் தவறிப்போச்சு. உங்க மனசுல அது இருந்தா..."

"இல்ல. அதுக்குப் பயந்துதான் இவ்வளவு நாள் வராம இருந்தியா? அந்தப் பாயைச் சுருட்டு." அவள் திரும்பவில்லை. குரலில் கோபமும் இல்லை. "படகு திங்கக்கிழமையே போய்ச் சேந்துருச்சு. லாவினியா நல்லாருக்கா. ஃபூசி நல்லாருக்கா. பிள்ளை இல்ல."

பிலிமோனேவுக்கு முதல் மூன்று வாக்கியத்தில் உயிர் வந்தது. நாலாவது வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பொறந்து..."

"பொறக்கும்போதே இல்ல. சனிக்கிழமையே அசைவு நின்னுபோச்சு. லேசீலி காதை வச்சுப் பாத்தா, குழலை வச்சுப் பாத்தா. சத்தம் இல்ல. ஞாயித்துக்கிழமை படகு எடுக்க மாட்டாங்க. எடுத்தாலும் ஓடிப்போய்ப் பிடிக்கிறதுக்கு இனிமே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா. ஃபூசி அங்கேருந்து நேரா இங்க வந்தா. இந்தப் படியிலதான் உக்காந்திருந்தா, நீ உக்காந்திருக்கற இடத்துல. லாவினியாவுக்கு ஞாயித்துக்கிழமை விடியறப்போ சொன்னா."

சனிக்கிழமை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றது. பந்தியில் பிரித்துவைத்த பொட்டலம். உதைக்கிறானா என்று அவர் கேட்டது. அமைதியாக இருக்கிறது என்று அவள் சொன்னது. நல்லா வருவான் என்று அவர் சொன்னது. பிலிமோனே மண்ணில் இருந்த ஒரு சிப்பியை எடுத்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"பொண்ணு" என்றாள் அக்கா. "தலை நிறைய முடியாம். லாவினியா ரேடியோவுல சொன்னா. அங்கயே நம்ம ஆளுங்க கல்லறையில வச்சுட்டாங்க."

"யாரு பாட்டு எடுத்தது?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. வேறெதுவும் அவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

"யாரும் எடுக்கல. அங்க சபையிலேருந்து வந்து கேட்டாங்களாம். வேண்டாம், எங்கப்பா ஞாயித்துக்கிழமையே எடுத்துட்டார்னு ஃபூசி சொல்லிட்டாளாம்."

"அது நான் தெரியாம எடுத்தது, அக்கா."

"அவளுக்கு அது தெரியாதா? வேற எப்ப அழுதிருந்தாலும் ஏன் அழுறன்னு நீங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க. அந்தப் பாட்டு முடியறவரைக்கும் யாரும் கேக்கல. ஆறு சரணமும் அழுதேன் அத்தைன்னு சொன்னா."

வாசலில் வெயில் வந்திருந்தது. ஈரமண்ணிலிருந்து ஆவி எழும்பியது. பிலிமோனேயின் நாக்கில் பழக்க தோஷத்தில் ஏதோ ஒன்று ஏறி வந்தது, நிலை பெயர்ந்த வாசலைப் பற்றியோ, கோடரியைப் பற்றியோ. வந்து, போக இடம் தெரியாமல் அங்கேயே நின்றது. அவர் அதை விழுங்கினார். விழுங்குவது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது.

"ஏன் அக்கா என்கிட்டச் சொல்லல? அவ அம்மாகிட்டச் சொன்னா. உங்ககிட்டச் சொன்னா. நான் அவ அப்பன்தானே?"

அந்த வாரம் முழுக்க அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மழை பெய்தது, கூரை ஒழுகியது, மீன் ஆறியது. இதற்கும் அப்படி ஏதாவது வரும் என்று அவர் தலையைக் குனிந்தபடியே இருந்தார். உள்ளே பாய் சரசரத்தது. அனாசெய்னி சுவரைவிட்டுத் திரும்பி, முகத்தில் விழுந்த முடியை விலக்கி, தம்பியை நேராகப் பார்த்தாள்.

"சொன்னா நீ சிரிக்க வச்சிருப்ப, தம்பி. அவளும் உனக்காகச் சிரிச்சிருப்பா."